இம்ப்ளான்ட் வைத்து மார்பக மறுசீரமைப்பு: டிரெஸ்ஸிங் அறையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவின் டிரெஸ்ஸிங் அறையில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். டாக்டர் எதிரில் "எல்லாம் புரிஞ்சுது டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வருகிறவர்கள், நான் தையல் பிரிக்கக் குனியும்போதுதான் மெல்ல ஆரம்பிப்பார்கள்: "சிஸ்டர், ஒண்ணு கேக்கவா?" அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. புற்றுநோய்க்காக மார்பை எடுக்கும்போதோ எடுத்த பிறகோ இம்ப்ளான்ட் வைத்து மறுபடி உருவாக்குவதைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. வயிற்றுச் சதை, முதுகுச் சதை எடுத்து வைக்கும் முறைகள் தேவையான இடத்தில் தலைகாட்டும், அவ்வளவுதான். நான் டாக்டர் இல்லை. உங்களைத் தொட்டுப் பார்த்தவர் இதற்கு மாறாகச் சொன்னால், ஏன் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

"இம்ப்ளான்ட்ன்னா என்ன சிஸ்டர்? உள்ளே பிளாஸ்டிக் பை வைப்பாங்களா?"

கிட்டத்தட்ட அப்படித்தான். வெளியே சிலிக்கான் உறை, உள்ளே சிலிக்கான் ஜெல் அல்லது உப்புநீர். இப்போது வரும் ஜெல் தண்ணீர் மாதிரி ஓடாது. இம்ப்ளான்ட்டை இரண்டாக வெட்டினாலும் அல்வாத் துண்டு போல அப்படியே நிற்கும். முதல் சிலிக்கான் இம்ப்ளான்ட் 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் டிம்மி ஜீன் லிண்ட்ஸி என்ற பெண்ணுக்கு வைக்கப்பட்டது. அவருக்குப் புற்றுநோய் இல்லை, அழகுக்காகச் செய்தது. மார்பு எடுத்தவர்களுக்குப் பயன்பட்டதெல்லாம் அதன் பிறகு.

பிராவுக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கான் மார்பு, பஞ்சு மார்பு வேறு. அவை வெளியே வைப்பவை, ராத்திரி கழற்றி வைத்துவிடலாம். இங்கே பேசுவது ஆபரேஷன் செய்து உள்ளே வைப்பதை.

"ஒரே ஆபரேஷன்ல முடிஞ்சிடுமா, ரெண்டு தடவை பண்ணணுமா?"

இரண்டு வழியும் உண்டு. முதல் வழியில், மார்பை எடுக்கும் அதே ஆபரேஷனில் நிரந்தர இம்ப்ளான்ட்டையும் வைத்துத் தைத்துவிடுவார்கள். இரண்டாவது வழியில், முதலில் எக்ஸ்பாண்டர் என்ற காலிப் பையை வைப்பார்கள். வாரக்கணக்கில் அதில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை விரிய வைத்து, சில மாதம் கழித்து அதை எடுத்துவிட்டு நிரந்தர இம்ப்ளான்ட்டை வைப்பார்கள். எக்ஸ்பாண்டரை மார்பக மறுசீரமைப்புக்குப் பழக்கத்தில் கொண்டுவந்தவர் ராடோவன் என்ற சர்ஜன். 1982-இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அது பரவியது.

எந்த வழி என்பதை உங்கள் ஆசை பாதிதான் தீர்மானிக்கும். மீதிப் பாதி, மார்பை எடுத்த பிறகு மிஞ்சும் தோலின் கையில் இருக்கிறது. தோல் போதுமான அளவு இருந்து, ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் ஒரே தடவை சாத்தியம். முன்பு இருந்ததைவிடப் பெரிய அளவு வேண்டும், அல்லது கட்டி தோலுக்கு அருகில் இருந்ததால் தோலையும் எடுக்க வேண்டும் என்றால் எக்ஸ்பாண்டர்தான்.

"ஒரே தடவைன்னா தானே நல்லது? டாக்டர் ஏன் ரெண்டுன்னு சொல்றாங்க? காசுக்கா?"

இதைக் கேட்காதவர்கள் குறைவு. மார்பின் உள்பகுதியை எடுத்த பிறகு மிஞ்சும் தோல் மெல்லிய உறைதான். அதற்கு ரத்தம் வந்துகொண்டிருந்த பாதையில் பாதி போய்விட்டிருக்கும். அந்த நேரத்தில் முழு அளவு இம்ப்ளான்ட்டை உள்ளே திணித்தால், உள்ளிருந்து வரும் அழுத்தத்தில் தோலின் ஓரம் கறுத்து அழுகக்கூடும். எக்ஸ்பாண்டரைப் பாதி காலியாக விடலாம். தோலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

நெதர்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பதப்படுத்திய விலங்குத் தோல் வைத்து ஒரே தடவையில் முடிப்பது ஒரு குழுவுக்கு, எக்ஸ்பாண்டர் வழியாக இரண்டு தடவையில் செய்வது இன்னொரு குழுவுக்கு. யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 121 பெண்கள், முடிவு 2017-இல் வந்தது. ஒரே தடவைக் குழுவில் 46 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் தொடர்பான சிக்கல் வந்தது. இரண்டு தடவைக் குழுவில் 18 சதவீதம். இதை வைத்து ஒரே தடவை முறையே தப்பு என்று சொல்ல முடியாது. தோலைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்துச் செய்கிற இடங்களில் நன்றாகவே வருகிறது. ஆனால் 'ஒரே தடவை' என்று ஆரம்பித்துப் பிறகு திருத்தத்துக்காக மறுபடி தியேட்டருக்குப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை யாரும் முன்கூட்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டே தீருங்கள்: "உள்ளே போய்ப் பார்த்துத் தோல் சரியில்லைன்னா என்ன பண்ணுவீங்க?" சில இடங்களில் தோலில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கப் பச்சைச் சாயம் ஒன்றை ஏற்றி, தனி கேமராவில் பார்ப்பார்கள். சில சர்ஜன்கள் கண்ணையும் கையையும் நம்புவார்கள். எப்படி இருந்தாலும் முடிவு மேசையில்தான் ஆகும், நீங்கள் மயக்கத்தில் இருப்பீர்கள். முழிக்கும்போது நிரந்தர இம்ப்ளான்ட்டுக்குப் பதில் எக்ஸ்பாண்டர் இருந்தால் ஏமாந்துபோன உணர்வு வரக்கூடாது. முன்பே பேசி வைத்திருந்தால் வராது.

"எக்ஸ்பாண்டர்ல தண்ணி ஏத்துறது வலிக்குமா?"

இது என் வேலையின் பகுதி, அதனால் விரிவாகவே சொல்கிறேன். எக்ஸ்பாண்டருக்குள் நாணயம் அளவில் ஒரு வாய் இருக்கும், பெரும்பாலானவற்றில் அதைச் சுற்றிக் காந்தம். வெளியே இருந்து சின்னக் காந்த ஊசல் ஒன்றை மார்பின் மேல் நகர்த்தினால், வாய் இருக்கும் இடத்தில் ஊசல் நேராக நிற்கும். அங்கே பேனாவால் புள்ளி வைத்து, மருந்தால் துடைத்து, மெல்லிய ஊசியைக் குத்தி உப்புநீரை ஏற்றுவோம். ஆபரேஷன் முடிந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில், புண் ஆறியிருந்தால், ஆரம்பிப்பது வழக்கம். ஒரு தடவைக்கு 50 முதல் 100 மில்லி வரை ஏறும். ஊசி குத்துவது பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. மேல்தோலில் உணர்ச்சி குறைந்திருக்கும் (இதைப் பற்றிக் கீழே ஒத்தடக் கேள்வியில்).

வலி ஊசியில் இல்லை, அன்று ராத்திரியில். இரண்டு சைஸ் சின்ன ஜாக்கெட்டை ஊக்கு மாட்டிப் போட்ட மாதிரி இறுகும். எக்ஸ்பாண்டர் தசைக்கு அடியில் இருந்தால் இந்த இறுக்கம் அதிகம். ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஏற்றும்போதே தோல் வெளுத்தால் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் திரும்ப உறிஞ்சிவிடுவோம். தாங்க முடியவில்லை என்றால் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். அடுத்த வாரம் ஏற்றினாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

டெய்லரிங் செய்யும் ஒரு அம்மா ஒவ்வொரு தடவையும் இஞ்ச் டேப்போடு வருவார். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் தானே அளந்து சீட்டில் எழுதிக்கொள்வார். கடைசித் தடவை "இன்னும் அரை இஞ்ச் குறையுது சிஸ்டர், அடுத்த பக்கத்தோட ஒப்பிட்டா" என்றார். டாக்டரும் அளந்து பார்த்தார். அரை இஞ்ச்தான்.

ஒரு எச்சரிக்கை: காந்தம் உள்ள எக்ஸ்பாண்டர் உள்ளே இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால், ஸ்கேன் அறையில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். பல எக்ஸ்பாண்டர்களுக்கு எம்.ஆர்.ஐ. கூடாது.

"தசைக்கு மேலயா, அடியிலயா? நெட்ல மேலதான் லேட்டஸ்ட்னு போட்டிருக்கு."

மார்பை எடுத்தால் அடியில் நெஞ்சுத் தசை தெரியும். பல வருடங்களாக இம்ப்ளான்ட்டை அந்தத் தசையைத் தூக்கி அதற்கு அடியில்தான் வைத்தார்கள். தோலுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் நடுவில் தசை ஒரு மெத்தை மாதிரி இருக்கும், மேல்பகுதி இயல்பாகச் சரிந்து வரும். குறை என்னவென்றால், தசை அசையும்போதெல்லாம் இம்ப்ளான்ட்டும் அசையும். சப்பாத்தி மாவு பிசையும்போது மார்பு மேலே ஏறிக் கோணுகிறது என்று வருவார்கள். கண்ணாடி முன் நின்று இரண்டு உள்ளங்கையையும் கும்பிடுகிற மாதிரி அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆரம்ப வார வலியும் அதிகம். தசையை அதன் இடத்திலிருந்து பிரித்தெடுப்பதால் வருவது அது.

தசைக்கு மேலே வைத்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. கோணாது, கையைச் சீக்கிரம் தூக்கலாம். ஆனால் மூடியிருப்பது தோலும் கொஞ்சம் கொழுப்பும் மட்டுமே. ஒல்லியானவர்களுக்கு இம்ப்ளான்ட்டின் விளிம்பு தெரியும், குனிந்தால் தோலில் அலை அலையாகச் சுருக்கம் விழும். ஏ.சி. அறையில் உட்கார்ந்தால் நெஞ்சில் ஐஸ் வைத்த மாதிரி சில்லென்று இருக்கிறது என்பார்கள்; அதுவும் நிஜம்தான். சுருக்கத்தை மறைக்க, பிற்பாடு வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி அங்கே ஊசி வழியாக நிரப்புவதுண்டு. அதற்கும் ஒரு தடவை தியேட்டர்.

மேலே வைப்பதும் புதிது இல்லை. ஆரம்ப காலத்தில் அப்படித்தான் வைத்தார்கள், சிக்கல் அதிகமாக வந்ததால் கைவிட்டார்கள். அடுத்த கேள்வியில் வரும் வலை வந்த பிறகுதான் அது திரும்பி வந்தது. நல்ல தடிமனான தோல் இருப்பவருக்கு மேலே வைப்பதில் எனக்கும் விருப்பம் உண்டு. மெல்லிய தோலில் 'லேட்டஸ்ட்' என்பதற்காக வைப்பதில் இல்லை.

"ஏ.டி.எம். போடணும்னு எழுதியிருக்காங்க. பணம் எடுக்கறதா?"

சிரிக்காதீர்கள், இதை நிஜமாகவே ஒருவர் கேட்டார். ஆங்கிலத்தில் இது ADM, பணம் எடுப்பது ATM; தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். விலையைக் கேட்டால் அவர் சொன்னதும் தப்பில்லை என்று தோன்றும். மேலே 'வலை' என்றேனே, அதில் ஒரு வகை இது: பதப்படுத்திய தோல். அதிலிருக்கும் உயிரணுக்களை எல்லாம் நீக்கிவிட்டு வெறும் நார்ச் சட்டத்தை மட்டும் வைத்திருப்பார்கள். இம்ப்ளான்ட்டின் மேல் அல்லது கீழ்ப்பகுதியில் இதைத் தொட்டில் போலத் தைத்தால், இம்ப்ளான்ட் கீழே இறங்காமல் நிற்கும், தோலுக்கு ஒரு அடுக்கு கூடுதலாகக் கிடைக்கும். காலப்போக்கில் உங்கள் ரத்தக்குழாய்களே அதற்குள் வளர்ந்துவிடும்.

கட்டாயம் அல்ல. டைட்டானியம் பூசிய செயற்கை வலை உண்டு. தானாகக் கரையும் வலையும் உண்டு. பெரிய, தொங்கிய மார்பு உள்ளவர்களுக்கு அவர்கள் தோலே போதும்: கீழ்ப்பகுதியில் மிஞ்சும் தோலின் மேல்பரப்பைச் சீவிவிட்டு, அதையே உள்ளே மடித்து இம்ப்ளான்ட்டுக்கு ஏணை கட்டுவார்கள். செலவே இல்லாத வலை. நம் ஊரில் இறக்குமதி வலையின் விலை கட்டுப்படியாகாத இடங்களில் இது பெரிய உதவி. மார்பு பெரிதாக இருந்தால் "என் தோலையே வெச்சுத் தைக்க முடியுமா?" என்று கேளுங்கள்.

வலை வைத்தால் நன்மை மட்டும்தான் என்று நினைக்கவும் வேண்டாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இந்தத் தோல் வகைகளில் இரண்டு பிராண்டுகளுக்கு மற்றவற்றைவிடச் சிக்கல் அதிகம் இருக்கலாம் என்று 2021-இல் எச்சரித்தது.

"அது பன்றித் தோலாமே? மாட்டுத் தோலாமே? வீட்ல ஒத்துக்க மாட்டாங்க."

சில பிராண்டுகள் பன்றியிலிருந்து, சில மாட்டிலிருந்து, சில இறந்தபின் தானம் செய்த மனிதர்களின் தோலிலிருந்து வருகின்றன. உங்களுக்கு எது ஒப்பாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, எந்த டாக்டரும் தப்பாக நினைக்க மாட்டார். செயற்கை வலையும் உங்கள் சொந்தத் தோலும் இருக்கும்போது வேண்டாததற்குக் கையெழுத்துப் போட வேண்டியதே இல்லை. பிற்பாடு எங்கேயோ படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"எனக்கு ரேடியேஷன் உண்டுன்னு சொல்றாங்க. அப்போ இம்ப்ளான்ட் வைக்கலாமா?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஒரு தடவையா இரண்டா, மேலேயா அடியிலேயா என்பதையெல்லாம்விட முடிவை அதிகம் மாற்றுவது ரேடியேஷன்தான். கதிர் பட்ட தோல் விறைக்கும், நெகிழ்வு போகும், புண் ஆற நேரமாகும். இம்ப்ளான்ட்டைச் சுற்றி வளரும் சவ்வு தடித்து இறுகும். இம்ப்ளான்ட் எடுக்க நேரிடும் வாய்ப்பும் கூடும்.

வைக்கவே கூடாது என்றில்லை. ஒன்று, எக்ஸ்பாண்டரை வைத்து, நிரப்பி, அதன் மேலேயே ரேடியேஷன் கொடுத்து, தோல் தணிந்ததும், பொதுவாகச் சுமார் ஆறு மாதம் கழித்து, மாற்றுவது. இரண்டு, கீமோ நடக்கும் காலத்திலேயே நிரப்பி முடித்து, நிரந்தர இம்ப்ளான்ட்டாக மாற்றிவிட்டு, பிறகு ரேடியேஷன். முதல் வழியில் எக்ஸ்பாண்டரை இழக்கும் ஆபத்து கூடுதல். இரண்டாவதில் நிரந்தர இம்ப்ளான்ட் இறுகும் தொல்லை கூடுதல். எதையும் சும்மா தரமாட்டார்கள். மூன்றாவது வழி, ரேடியேஷன் முடியும்வரை ஒன்றும் வைக்காமல் இருந்து, பிறகு வயிற்றுச் சதையையோ, முதுகுத் தசையையும் அதற்கு அடியில் இம்ப்ளான்ட்டையுமோ வைப்பது. கதிர் படாத புது ரத்த ஓட்டம் கொண்ட சதை வருவதால் ஆறுவது நன்றாக இருக்கும்.

அக்குள் நெறிக்கட்டி ரிப்போர்ட் வரும்வரை ரேடியேஷன் உண்டா இல்லையா என்பதே சிலருக்குத் தெரியாது. அவர்களுக்கு எக்ஸ்பாண்டர் என்பது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. தோல் சுருங்காமல் இடம் இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யலாம். ஒரு சின்ன விஷயம்: ரேடியேஷனுக்கு அளவெடுக்கும் ஸ்கேன் முடிந்த பிறகு, எக்ஸ்பாண்டரில் நீர் ஏற்றவோ எடுக்கவோ கூடாது. கணக்கே மாறிவிடும்.

"கல்லு மாதிரி ஆகிடும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க."

எந்த அந்நியப் பொருள் உள்ளே போனாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வால் வேலி போடும். எல்லோருக்கும் போடும், அது நோய் இல்லை. சிலருக்கு அந்த வேலி சுருங்கி இம்ப்ளான்ட்டை நெருக்கும். டாக்டர்கள் இதை நான்கு படியாகப் பிரிப்பார்கள்: முதல் படியில் மெத்தென்று இருக்கும், இரண்டில் தொட்டால் கெட்டி, மூன்றில் பார்த்தாலே உருவம் மாறியிருக்கும், நான்கில் வலியும் சேரும். மூன்று, நான்கு என்றால் சவ்வை எடுத்து இம்ப்ளான்ட்டை மாற்றுவது பற்றிப் பேச்சு வரும். ரேடியேஷன் வாங்கியவர்களுக்குத்தான் இது அதிகம், காரணம் முந்தைய பதிலில். தடவித் தடவிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் சர்ஜனைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

"இம்ப்ளான்ட்டே கேன்சரைக் கொண்டுவருமாமே?"

மார்பகப் புற்றுநோய் அல்ல. இம்ப்ளான்ட்டைச் சுற்றிய சவ்வில் வரும் அரிய வகை லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அதைத் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்தது. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்ப்ளான்ட்களோடுதான் அதற்குத் தொடர்பு. அதிலும் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகையில் அதிகமாகக் காணப்பட்டதால், அந்த இம்ப்ளான்ட்களும் அதே மேற்பரப்பு கொண்ட எக்ஸ்பாண்டர்களும் 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டன. வழவழப்பானவற்றை இன்று பலர் விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

ஏற்கனவே சொரசொரப்பானது உள்ளே இருக்கிறது, தொந்தரவு ஒன்றும் இல்லை என்றால், பயத்தில் ஓடிப்போய் எடுக்கச் சொல்வதில்லை, எஃப்.டி.ஏ. நிலைப்பாடும் அதுதான். கவனிக்க வேண்டியது: ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென்று நீர் கோத்து வீங்குவது, அல்லது கட்டி தட்டுப்படுவது. அப்படி வந்தால் அந்த நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சவ்வோடு சேர்த்து இம்ப்ளான்ட்டை எடுப்பதே பெரும்பாலும் வைத்தியம்.

அதனால் இம்ப்ளான்ட் பெட்டியில் வரும் ஸ்டிக்கரை, பிராண்ட், லாட் எண், அளவு எல்லாம் உள்ளதை, ஒன்று கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிரான்ஸில் பி.ஐ.பி. என்ற நிறுவனம் தொழிற்சாலைத் தர சிலிக்கானை இம்ப்ளான்ட்டில் நிரப்பி விற்றது 2010-இல் வெளிவந்தபோது, தனக்குள் இருப்பது எந்தப் பிராண்ட் என்றே தெரியாமல் தவித்தவர்கள் உண்டு. ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் இதையும் வையுங்கள்.

"மறுபடி கேன்சர் வந்தா இது மறைச்சிடாதா?"

நல்ல கேள்வி. மார்பை எடுத்த இடத்தில் திரும்ப வந்தால், பெரும்பாலும் தோலிலோ தோலுக்கு அடியிலோதான் வரும். அது இம்ப்ளான்ட்டுக்கு முன்னால் இருக்கிற இடம், கைக்குத் தட்டுப்படும். இம்ப்ளான்ட் வைப்பதால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. எடுத்த பக்கத்துக்குப் பொதுவாக மேமோகிராம் தேவைப்படாது. அடுத்த பக்கத்துக்கு வழக்கம் போல எடுத்தாக வேண்டும். அதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

"சிவந்திருக்கு. ரெண்டு நாள் பாத்துட்டு வரலாமா?"

வேண்டாம், அன்றே வாருங்கள். பிரிட்டனில் 2,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், முதல் மூன்று மாதத்துக்குள் நான்கில் ஒருவருக்குத் தொற்று வந்தது. 9 சதவீதம் பேர் இம்ப்ளான்ட்டையே இழந்தார்கள். சீக்கிரம் வந்தால் மருந்திலும் கழுவலிலும் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. காய்ச்சல், சூடு, தையலில் கசிவு இருந்தால் ராத்திரியானாலும் போன் செய்யுங்கள். விலங்குத் தோல் வைத்தவர்களுக்குத் தொற்று இல்லாமலே அது இருக்கும் இடம் மட்டும் சிவப்பதுண்டு. ஆனால் எது எது என்று வீட்டில் இருந்து பிரித்தறிய முடியாது. கீமோ தேதி நெருங்கியிருந்தால் இன்னும் அவசரம். தொற்று வந்தால் கீமோ தள்ளிப்போகும், அதுதான் பெரிய நஷ்டம்.

டிரெயின் (உள்ளே சேரும் நீர் வடிய வைக்கும் குழாய்) பற்றியும் இங்கேயே. ஒரு நாளில் சேரும் நீர் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுப்பது பல இடங்களில் வழக்கம். தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். "கொஞ்சமாத்தான் வருது சிஸ்டர்" என்பது அளவு இல்லை.

"வலிக்கு ஒத்தடம் கொடுக்கலாமா?"

கூடாது. மார்பை எடுக்கும்போது தோலுக்குப் போகும் நரம்புகளும் போய்விடுகின்றன. காம்பைத் தக்கவைத்த ஆபரேஷனிலும் பெரும்பாலும் அங்கே உணர்ச்சி இருக்காது, வந்தாலும் முன் போல வராது. சூடு தெரியாது. மாமியார் அன்பாகக் கொடுத்த வெந்நீர்ப் பை ஒத்தடத்தில் கொப்புளம் வெடித்து, இம்ப்ளான்ட் வரைக்கும் ஆபத்து போன ஒருவருக்கு மூன்று வாரம் நான் கட்டு மாற்றியிருக்கிறேன். "சுடவே இல்லையே சிஸ்டர்" என்றுதான் சொன்னார். சுட்டது அவருக்குத் தெரியவில்லை. வருடங்கள் கழித்தும் இது பொருந்தும்: ஹீட்டிங் பேட் கூடாது, ஐஸும் நேரடியாக வைக்கக் கூடாது.

"பத்து வருஷத்துல மாத்தியே ஆகணுமா?"

கெடு எதுவும் இல்லை. ஆயுளுக்கும் உத்தரவாதமும் இல்லை. நன்றாக இருந்தால் பத்து வருடம் தாண்டியும் இருக்கட்டும்; கிழிந்தாலோ இறுகினாலோ ஐந்து வருடத்திலும் மாற்ற வேண்டி வரும். உப்புநீர் இம்ப்ளான்ட் கிழிந்தால் சட்டென்று தொய்ந்துவிடும், நீர் உடம்பில் கலந்து போய்விடும். ஜெல் கிழிந்தால் வெளியே தெரியாமலே இருக்கலாம். அதனால்தான் ஜெல் வைத்தவர்கள் ஐந்து ஆறு வருடத்தில் ஒரு முறையும், அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறையும் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.-யோ பார்க்கச் சொல்கிறது எஃப்.டி.ஏ. நிரந்தர இம்ப்ளான்ட்டோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்; முன்பு சொன்ன தடை எக்ஸ்பாண்டருக்குத்தான்.

"ரெண்டும் ஒரே மாதிரி வருமா?"

ஜாக்கெட்டுக்குள் வரும். கண்ணாடி முன் வராது. இம்ப்ளான்ட் நிமிர்ந்து நிற்கும்; அடுத்த மார்பு வயதோடு சரியும், நீங்கள் எடை போட்டால் அதுவும் போடும். இம்ப்ளான்ட் எதற்கும் அசையாது. அடுத்ததைத் தூக்கித் தைக்கலாம் அல்லது குறைக்கலாம். இரண்டு பக்கமும் எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இஞ்ச் டேப் அம்மா ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வருடம் கழித்து வந்தபோது வித்தியாசம் ஒரு இஞ்ச்சுக்கு மேல். தனக்கு மட்டும் டார்ட் மாற்றித் தைத்துக்கொண்டு, "கைல தொழில் இருக்கு, இன்னொரு ஆபரேஷன் எதுக்கு?" என்று போய்விட்டார்.

"எனக்கு வயசு 58, சர்க்கரையும் இருக்கு. எனக்கெல்லாம் எதுக்குன்னு வீட்ல கேக்கறாங்க."

வயது மட்டும் தடை இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால், எடை மிக அதிகமாக இருந்தால், புகையிலைப் பழக்கம் இருந்தால் தடை. பீடி, சிகரெட் மட்டும் இல்லை, வெற்றிலையோடு போடும் புகையிலையும் கணக்குதான்; நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், மேலே சொன்ன மெல்லிய தோல் தாங்காது. குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

வீட்டில் கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை. வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அதுவே காரணம். வேண்டாம் என்று நினைத்தாலும் அப்படியே.

"செலவு மொத்தம் எவ்வளவு ஆகும்?"

தொகை சொன்னால் தப்பாகிவிடும். ஆனால் எஸ்டிமேட் வாங்கும்போது இவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்: இம்ப்ளான்ட், எக்ஸ்பாண்டர், வலை, இரண்டாவது ஆபரேஷன், அடுத்த பக்கத் திருத்தம். இன்சூரன்ஸ் என்றால் மறுசீரமைப்பு அதில் வருமா, அழகு சிகிச்சை என்று தள்ளிவிடுவார்களா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை பில் கவுன்ட்டரில் செல்லாது.

"வெச்சதுக்கப்புறம் பிடிக்கலைன்னா எடுத்திடலாமா?"

எடுக்கலாம். இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டு, மிஞ்சிய தோலை மடிப்பில்லாமல் தட்டையாகத் தைத்து முடிக்கலாம். வேறு சதைக்கு மாறலாம். சில மாதம் ஆறவிட்டு இன்னொரு இம்ப்ளான்ட்டும் வைக்கலாம். தோல்வி என்று யாரும் எழுதிவைக்கப் போவதில்லை. தட்டையாக வேண்டும் என்றால் "தட்டையாத் தைக்கணும், பின்னால வேணும்னு தோலை மிச்சம் விடாதீங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், மனசு மாறும் என்று நினைத்துத் தோலைத் தொளதொளவென்று விட்டுவிடுவதுண்டு.

மூட்டு வலி, களைப்பு, மறதி எல்லாம் இம்ப்ளான்ட்டால்தான் என்று எடுக்க வருகிறவர்களும் உண்டு. எடுத்தபின் தேறியதாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள், மாறவில்லை என்றவர்களும் இருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல்: கீமோ, ஹார்மோன் மாத்திரை, தைராய்டு, ரத்தசோகை எல்லாமே இதே களைப்பைத்தான் கொடுக்கும். முதலில் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். அப்புறம் கத்தி.